உப்பளத்துப் பெண்களும் சிரித்தார்கள்

போன மாதம் இரண்டு உதவி இயக்குநர்கள் என்னைத் தேடித் திண்டிவனம் வந்தார்கள். நான் தட்டச்சுப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் மாணவிகள் வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்து, பையிலிருந்து ஒரு பழைய நாவலை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். நகைச்சுவைக் காதல் கதை. நம் அம்மாக்கள் காலத்தில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, வீடு வீடாகக் கிழித்துத் தைத்து வைத்துக்கொண்ட வகை.

"படிக்கிறப்ப சிரிப்பு வருதுங்க. சீன் சீனா பிரிச்சு எழுதிப் பாத்தா அந்தச் சிரிப்பு எங்க போவுதுன்னே தெரியல" என்றார் ஒருவர்.

"கதை இலாகாவுல இருந்தவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டோம். உங்க பேரைச் சொன்னாங்க. வயசானவங்களா இருப்பீங்கன்னு நெனச்சோம்" என்றார் மற்றவர்.

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் நான் பார்த்த தொழில் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. படக் கம்பெனிகளில் கதை இலாகா என்று ஒரு அறை இருந்தது. நாவலோ நாடகமோ எது வந்தாலும் அந்த அறையில் உட்கார்ந்து அதைத் திரைக்கதையாக்குவார்கள். இப்போது இயக்குநரே கதை எழுதிக்கொள்கிறார். கிராமத்துக்கே போய்ப் படம் பிடிக்கிறார். எங்கள் கம்பெனியும் அந்த அறையை மூடிவிட்டது. ஆகவே, ஓய்வு பெற்ற தொழிலாளி என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். வந்தவர்களிடம் அன்று பாதிதான் சொன்னேன். முழுவதும் இது.

மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை செய்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் அப்பா போனார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க. பதினொன்றாம் வகுப்பு முடித்தேன். திண்டிவனத்தில் தங்கித் தமிழ்த் தட்டச்சில் உயர்நிலை தேறினேன். கோடம்பாக்கத்தில் ஒரு படக் கம்பெனிக்குத் தமிழ் டைப்பிஸ்ட் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். ஒரு பக்கம் அடிக்கச் சொன்னார்கள். பிழையில்லாமல் அடித்தேன். அன்றைக்கே வேலை. யாருடைய சிபாரிசும் இல்லை. இதைச் சொல்லும்போது இன்றும் என் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

கதை இலாகாவுக்குத் தலைவர் நீலகண்டன் சார். ஒல்லியான மனிதர். பக்கங்களை எப்போதும் நின்றுகொண்டுதான் படிப்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிடிக்கவில்லை என்றால் தாளைக் குப்புறத் திருப்பி வைப்பார். பிடித்திருந்தால் அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைப்பார். அந்தத் தோல் கூடு என் தாளின்மேல் வர வேண்டும் என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். ஆனால் நான் டைப்பிஸ்ட். என் தாள் என்று ஒன்று கிடையாது.

ஒரு நாவல் வந்தால் அவர் செய்வது இது. முதல் தடவை தனியாகப் படிப்பார், கையில் பென்சில் இருக்காது. இரண்டாம் தடவை இலாகா முழுவதும் மேசையைச் சுற்றி உட்கார, ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். என் உச்சரிப்பு திருத்தமாக இருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. கேட்பவர்கள் எங்கே சிரிக்கிறார்களோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு போடுவார். அறையில் ஒருவர் சிரிக்காவிட்டாலும் கோடு இல்லை. மூன்றாம் தடவை ஒவ்வொரு கோட்டுக்கும் விசாரணை நடக்கும். இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? பாத்திரம் பேசியதிலிருந்தா, நடந்த காரியத்திலிருந்தா, அல்லது எழுதியவர் நடுவில் புகுந்து சொன்னதிலிருந்தா?

காதலும் சிரிப்புமான நாவல்களில் மூன்றாவதுதான் அதிகம். கதாநாயகன் மாடிப்படியில் இறங்குவான், அவ்வளவுதான். அவன் எப்படி இறங்கினான் என்று ஆசிரியர் ஒரு வரி எழுதுவார், வாசகர் வயிறு குலுங்கும். படத்தில் அந்த ஆசிரியருக்கு வாய் கிடையாது. மற்ற கம்பெனிகளில் அந்த வரியைத் தூக்கி நகைச்சுவை நடிகர் வாயில் போட்டுவிடுவார்கள். நீலகண்டன் சார் ஒப்ப மாட்டார்.

"வாய்க்குக் குடுக்காதீங்கய்யா. யார் கைக்காவது குடுங்க" என்பார். அந்தச் சிரிப்பை ஒருவர் செய்கிற காரியமாக மாற்ற வேண்டும் என்று அர்த்தம். ஒரே வரிக்காக மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்படி ஒரு நாவல் வந்தது. எழுதியவர் காலமாகிவிட்டார். பெயர் வேண்டாம். கதை நடப்பது உப்பளத்தில் என்று தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. உப்பளக் குத்தகைக்காரரின் மகள், யாருக்கும் அடங்காதவள். பட்டணத்திலிருந்து சோதனைக்கு வருகிற இளம் அதிகாரி, காலில் சேறு படாமல் வரப்பில் நடக்கிறவன். முதல் அத்தியாயத்திலேயே சண்டை. ஒருவரை ஒருவர் தப்பாகவே புரிந்துகொண்டு புத்தகம் முழுக்கச் சண்டை. கடைசி அத்தியாயத்தில் அவன் தன் மனதைச் சொல்ல வாயெடுக்கும்போது மழை கொட்டுகிறது. இருவரும் நனைகிறார்கள், முதல் முறையாகச் சேர்ந்து சிரிக்கிறார்கள். கடைசி வரி: "உப்பளத்துப் பெண்களும் சிரித்தார்கள்."

நான் அந்த வரியைப் படித்து முடித்ததும் மேசையைச் சுற்றி எல்லோரும் நிறைவாகச் சிரித்தார்கள். நீலகண்டன் சாரின் பென்சில் ஓரத்துக்குப் போய் நின்றது.

"நீ சிரிக்கலையேம்மா."

"எங்க ஊர்ல வேலைக் காலத்துல மழை பெஞ்சா யாரும் சிரிக்க மாட்டாங்க சார். காஞ்ச உப்பு கரைஞ்சிடும். மறுபடி காயற வரைக்கும் வேலை கிடையாது."

அவர் யோசித்தார். "இந்தப் படத்தைப் பாக்கப்போறவன் உப்பளத்துல இல்லம்மா. மெட்ராஸ்ல கொடத்தை வச்சிக்கிட்டுக் கொழாய்கிட்ட நிக்கிறான். மழைன்னா அவனுக்குச் சிரிப்புதான் வரும். எழுதினவரு அவனுக்காகத்தான் எழுதினாரு."

அதுவும் உண்மைதான். ஆனாலும் அவர் கோடு போடவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அன்று எல்லோரும் எழுந்து போன பிறகு நான் நின்றேன். "சார், எனக்கும் ஒரு சீன் எழுதக் குடுங்க" என்றேன். அதற்கு முன்பும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். அவர் காதில் விழாததுபோலப் போய்விட்டார். இந்தத் தடவை நின்றார்.

"ஒரு சீன் தருவேன். எதுன்னு நான்தான் சொல்வேன். அது தேறலைன்னா திரும்பக் கேக்கக் கூடாது. டைப் அடிச்சிக்கிட்டு இருக்கணும். சரியா?"

"சரி சார்."

கடைசிக் காட்சியை நிஜ உப்பளத்திலேயே எடுப்பதென்று முடிவாயிற்று. நான் ஊர்க்காரி என்பதால் யூனிட் மரக்காணத்துக்கே வந்தது, கூடவே நீலகண்டன் சாரும். சித்திரை வெயில். அந்த வருஷம் உப்பு விளைவிக்காமல் விட்டிருந்த ஒரு பாத்தியைப் பிடித்து, மணலைக் குவித்து, மேலே ஒரு விரல்கனத்துக்கு உப்பைப் போர்த்தி அம்பாரம் செய்தார்கள். பக்கத்தில் மழைக்கு அதை மூடுகிற பனை ஓலைத் தட்டிகளையும், அவை பறக்காமல் ஓரத்தில் வைக்கிற கற்களையும் அடுக்கினார்கள். தண்ணீர் லாரி ஒன்று, மோட்டார், மூங்கில் சாரத்தின் மேல் ஓட்டை போட்ட குழாய்கள். அதுதான் மழை. சிரிக்க வேண்டிய பெண்கள் எங்கள் தெருப் பெண்கள். அதில் என் அம்மாவும் உண்டு, பாக்கியம் அத்தையும் உண்டு. உப்பு வாருவதைவிட இது சுலபமான வேலை என்று எல்லோரும் வந்திருந்தார்கள். நான் கைக்கடிகாரத்தோடு, கையில் தாளோடு, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல நின்றாள். அவளுக்குப் பெருமை வந்தால் அப்படித்தான் நிற்பாள்.

டைரக்டர் அவசரக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் விளக்கிச் சொன்னார். மோட்டார் ஓடியது. மழை விழுந்தது. கதாநாயகன் வாயெடுத்தான்.

பெண்கள் ஓடினார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் ஓடவில்லை. ஒரே சமயத்தில் எல்லோரும் திரும்பி, அம்பாரத்தைப் பார்த்து ஓடி, ஆளுக்கொரு தட்டியைத் தூக்கி மேலே போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். கதாநாயகியும் கதாநாயகனும் யாருமில்லாத மழையில் நின்றார்கள்.

"கட்" என்றார் டைரக்டர். "ஏம்மா, இது லாரித் தண்ணி. அது மணலு. உங்க கண்ணு எதிர்லதானே கொட்னோம்?"

"தெரியுதுங்க" என்றாள் பாக்கியம் அத்தை, மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்களுக்குத் தெரியுதுங்க. காலுக்குத்தான் தெரியல."

அடுத்த தடவை ஓடாமல் நின்றார்கள். சிரிக்கச் சொன்ன இடத்தில் உதட்டைப் பிரித்தார்கள். ஆனால் கண்கள் அம்பாரத்தின்மேல் இருந்தன.

"பல்லு வெளக்கற மாதிரி இருக்குது" என்றார் டைரக்டர். லாரியை எட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு மழைக்குத்தான் தண்ணீர் இருந்தது. வெயிலும் சாயத் தொடங்கியிருந்தது. "இது சரிப்படாது. பேக்கப் பண்ணிடலாம். மெட்ராஸ்ல ஸ்டுடியோ ப்ளோர்லயே மழை போட்டு, நம்ம ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுங்கள வச்சு எடுத்துக்கலாம்." பிறகு என்னைப் பார்த்து, "உங்க ஊர்க்காரங்கதானே, கடைசியா நீ ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்" என்றார்.

நான் வரப்பில் இறங்கி நடந்தேன். கேமராவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நாற்பதடிகூட இருக்காது. அது எனக்கு நீளமாக இருந்தது.

"எம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா. இல்லைன்னா இவங்க கெளம்பிடுவாங்க."

அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "மழையப் பாத்து சிரின்னா எப்படிடி வரும்? நீயும் இங்க பொறந்தவதானே. நீ எங்க எதிர்ல நின்னு சிரி. ஒன்னப் பாத்து நாங்க சிரிக்கிறோம்."

"ஆமா, மொதல்ல நீ சிரி" என்றாள் பாக்கியம் அத்தை. "படிச்ச சிரிப்பு எப்படி இருக்குதுன்னு நாங்களும் பாக்கறோம்."

சரி என்று நின்றேன். ஒத்திகைக்காக மோட்டாரைக் கொஞ்சமாகத் திறந்தார்கள். முகத்தில் தண்ணீர் பட்டது. சிரிக்க வாயைத் திறந்தேன். எனக்கு ஏழு வயதில் ஒரு மழை. அப்பா கடைசித் தட்டியைப் பிடித்துக்கொண்டே காற்றோடு கத்தினார். மழைக்குப் பிறகு அம்பாரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கறைதான் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்பதை எழுத விருப்பமில்லை. நான் அதையெல்லாம் நினைத்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். என் கழுத்து தானாகத் திரும்பியது. நானும் அம்பாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் நின்றது. நீலகண்டன் சார் கரையில் குடையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைப்ரைட்டர எடும்மா" என்றார். "நீ கேட்ட சீன் இதுதான்."

டைரக்டர் கையை விரித்தார். "சார், வெளிச்சம் போவுது."

"போற வரைக்கும் இருக்கட்டும்."

ஜீப்பின் முன்மூடிமேல் இயந்திரத்தை வைத்தேன். கடற்காற்றில் கார்பன் தாள் படபடத்தது. நான்கு முனையிலும் உப்புக்கட்டி வைத்தேன். எங்கள் வழக்கப்படி தாளை நடுவில் பிரித்து, இடப்பக்கம் நடப்பதையும் வலப்பக்கம் பேசுவதையும் அடிக்க வேண்டும். என் வலப்பக்கம் வேகமாக நிரம்பியது. கதாநாயகி அதிகாரியைப் பார்த்துப் பேசுகிறாள்: மழை உங்களுக்குச் சிரிப்பு, எங்களுக்குப் பசி, இந்தப் பெண்களின் கண்ணீரும் உப்புதான் என்று ஒரு பக்கம். அடிக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நீலகண்டன் சார் நின்றபடி படித்தார். தாளைக் குப்புறத் திருப்பினார்.

"இது யார் பேசறது?"

"கதாநாயகி சார்."

"நீ பேசற. இருபத்தஞ்சு அத்தியாயமா ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டு வராங்களே, அவங்க எங்க? எழுதினவரு ஒரு சிரிப்புல முடிச்சாரு. அது தப்பான எடத்துல இருக்குது, ஒத்துக்கறேன். அதுக்காக அதைத் தூக்கிப் போட்டுட்டா அவருக்கு என்ன மிஞ்சும்?" குடையை மடக்கினார். "கைக்குக் குடும்மா."

அவர் போய்விட்டார். இன்னொரு வெள்ளைத் தாளை ஏற்றினேன். சூரியன் பெருமுக்கல் மலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டரின் ஆட்கள் சாரத்தின் கயிறுகளை அவிழ்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தாளும் குப்புறப் போனால் அதற்குமேல் நான் கேட்கவே முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்களைப் பார்த்தேன். ஈரத்தோடு உட்கார்ந்து, முதல் தடவை ஓடியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த மூலையைப் பிடித்தார்கள், யார் கல் வைக்க மறந்தார்கள் என்று. பிறகு அடித்தேன்.

மழை விழுகிறது. அதிகாரி வாயெடுக்கிறான். பெண்கள் ஓடுகிறார்கள். கதாநாயகியும் ஓடுகிறாள், அவளும் உப்பளத்துப் பெண்தானே. சொல்ல வந்ததைப் பாதியில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடுகிறான், முதல் முறையாகச் சேற்றில் கால் வைத்து. அவள் தட்டியின் ஒரு முனையை அவன் கையில் திணிக்கிறாள். காற்று தட்டியைத் தூக்குகிறது. அவன் விடவில்லை; வழுக்கி அவள்மேல் சாய்கிறான். தட்டி இருவர்மேலும் விழுந்து மூடுகிறது. பெண்கள் உப்பு ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரே மும்முரமாகத் தட்டியின் ஓரமெல்லாம் கல் தூக்கி வைக்கிறார்கள். அவன் சொல்லி முடிக்காததற்குப் பதிலாக உள்ளேயிருந்து கதாநாயகியின் குரல்.

வலப்பக்கத்தில் ஒரே வார்த்தை: "சரி."

நீலகண்டன் சார் படித்தார். மறுபடி படித்தார். டைரக்டர் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "வசனமே இல்லையே சார்" என்றார். நீலகண்டன் சார் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். காற்றில் தாள் பறக்காமலிருக்கத்தான் வைத்தார் என்று யாராவது சொல்லலாம். நான்கு முனையிலும் உப்புக்கட்டி இருந்தது.

பெண்களிடம் நான் சொன்னது ஒன்றுதான். "மொதல் தடவை செஞ்சத அப்படியே செய்யுங்க. கல்லு மட்டும் மறக்காதீங்க."

"அதுக்கு எதுக்குடி எங்களுக்குச் சொல்லித் தர்ற" என்றாள் அம்மா.

ஒரே தடவையில் எடுத்தோம். மழை விழுந்தது, ஓடினார்கள், தட்டி விழுந்தது. அம்மா ஒரு கல்லைத் தூக்கி வந்து, கதாநாயகனின் முதுகு இருந்த மேட்டின் பக்கத்தில் வைத்து, காலால் அழுத்திச் சரிபார்த்தாள். அவள் முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. நீலகண்டன் சார் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். டைரக்டர் "கட்" சொன்னார். பெண்கள் நிறுத்தவில்லை. நான்கு ஓரமும் கல் வைத்து முடிக்கிற வரை அவர்கள் காதில் எதுவும் விழவில்லை.

"ஐயோ, யாராவது தொறங்களேன்" என்று உள்ளேயிருந்து கதாநாயகி கூப்பிட்டாள்.

அப்போதுதான் பாக்கியம் அத்தை கையிலிருந்த கல்லைப் பார்த்தாள், தட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அடியே, மாப்ளையையும் பொண்ணையும் சேத்து ஊறுகா போட்டுட்டோம்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வரப்பில் உட்கார்ந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நாவலின் கடைசி வரி எழுத்துக்கு எழுத்து நடந்தது. கேமராவில் பிலிம் ஓடவில்லை. லாரியில் தண்ணீரும் இல்லை.

மெட்ராஸ் திரும்பிய மறுநாள் நான் அலுவலகம் போனபோது பெரிய மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. நீலகண்டன் சார் பென்சிலால் அதைக் காட்டினார். நான் போய் உட்கார்ந்தேன். டைப்புக்கு வேறு ஆள் வந்தார். படத்தின் ஆரம்பத்தில் "கதை இலாகா" என்று மட்டும்தான் போடுவார்கள். அவர் பெயரே வராது. என் பெயர் வரவில்லை என்று நான் வருந்தவில்லை. அந்த இரண்டு சொல்லில் நான் இருந்தேன்.

படம் மெட்ராஸில் ஓடியது. கல் வைக்கிற இடத்தில் தியேட்டர் அதிர்ந்ததை நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். சில மாதம் கழித்து எங்கள் ஊர் டெண்டுக் கொட்டகைக்கு வந்தது. அம்மாவையும் தெருப் பெண்களையும் முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். சண்டைக்கெல்லாம் சிரித்தார்கள். மழை வந்ததும் மணல்தரையில் ஒரு சத்தமும் இல்லை. தட்டி விழுந்தது, கல் வைத்தார்கள், "சரி" என்றாள், "சுபம்" என்று எழுத்து வந்தது, விளக்குப் போட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"என்னாடி, விளக்கப் போட்டுட்டான்?"

"படம் முடிஞ்சிடுச்சும்மா."

"உப்பு?"

"என்ன உப்பு?"

"மூடனோமே, அது தப்பிச்சுதா, கரைஞ்சுதா?"

"அந்தாளு கால வெளிய நீட்டிக்கிட்டு இருந்தான்" என்றாள் பாக்கியம் அத்தை. "அந்தப் பக்கமாத் தண்ணி எறங்கியிருக்கும்."

"அதான் கேக்கறேன்" என்றாள் அம்மா. "கல்யாணம் ஆவுது, சந்தோஷம். ஓலையத் தூக்கிப் பாக்காம எப்படிடி முடிப்பாங்க?"

அது படத்துக்காகக் குவித்த மணல்மேடு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தன் கையாலேயே தொட்டவள். வீடு வரும்வரை அந்த உப்பைப் பற்றித்தான் பேசினார்கள்.

திரும்பிப் போய் நீலகண்டன் சாரிடம் சொன்னேன். "எழுதினவரும் பாக்கல, நாமளும் பாக்கல" என்றார். அதற்குப் பிறகு அந்த அறை மூடப்படும்வரை எந்த நாவல் மேசைக்கு வந்தாலும், கோடுகளெல்லாம் போட்டு முடிந்து, கடைசிக் காட்சியையும் எழுதி வைத்த பிறகு, என் பக்கம் திரும்பிக் கேட்பார்: "பாத்தாச்சா?" இன்னும் இல்லை சார் என்பேன். மறுபடி உட்காருவோம்.

வந்தவர்களின் நாவலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கல்யாணம், சிரிப்பு, முற்றும். அந்தக் கல்யாண வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியை ஆசிரியர் மூன்று அத்தியாயமாகக் காய்ச்சலோடு வேலை செய்ய வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் அவளைக் காணோம்.

"இவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் அவங்க வரலைங்களே" என்றார் ஒருவர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எங்க அம்மா படம் பாக்க வருவாங்க" என்றேன். "கேப்பாங்க."